சுவர் மேல் போட்ட பழி

செகந்திராபாத்தை அடுத்த போலாரத்தில், பழைய பங்களா ஒன்றில் ஸ்மார்ட் ஹோம் கருவிகளைப் பொருத்திய பிறகு பின்கட்டு விளக்கு சொல்பேச்சுக் கேட்கவில்லை என்றால், யாரிடம் போய்ச் சொன்னாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "சிக்னல் வீக்கா இருக்கு சார், பவர் கூடின கன்ட்ரோலராப் போட்டுடலாம்." அல்வால் பக்கம் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளிலும் இதே பதில்தான், காரணம் மட்டும் மாறும். பங்களா என்றால் சுவர் தடிமன் என்பார்கள். அடுக்குமாடி என்றால் கான்கிரீட்டில் கம்பி அதிகம் என்பார்கள். இரண்டுக்கும் பொதுவாக, இது இராணுவப் பகுதி, இங்கே எந்த அலையும் ஒழுங்காக வராது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். விற்பவர், பொருத்துபவர், வாங்குபவர் மூவரும் ஒருமனதாக நம்புகிற இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள் கன்ட்ரோலரின் அலை எட்டாமல் போவதற்கு ஆற்றல் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். இருக்கிற ஆற்றலை நாமே இரண்டு மூன்று இடங்களில் கொட்டிவிடுகிறோம், பிறகு பாத்திரம் சின்னது என்று பெரிய பாத்திரம் வாங்கப் போகிறோம். கொட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பதற்குப் பெரும்பாலும் சில நூறு ரூபாய் போதும். புதுக் கன்ட்ரோலருக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், கொட்டுவதும் நிற்காது.

இதைக் கணக்கில் காட்டலாம். டெசிபல் என்பது பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் அளவு: 3 டெசிபல் ஏறக்குறைய இரு மடங்கு, 10 டெசிபல் பத்து மடங்கு, 20 டெசிபல் நூறு மடங்கு. ஸ்மார்ட் ஹோம் கருவிகள் பலவும் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை ஜிக்பீ. இன்றைய ஜிக்பீ கருவி ஒன்று 8 டெசிபல்-மில்லிவாட் அளவில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனையில் இருக்கும் சிப் மைனஸ் 100 வரை தேய்ந்து வரும் அலையையும் புரிந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையே 108 டெசிபல் இருக்கிறது. வழியில் செலவழிக்க நம் கையில் இருக்கும் மொத்தப் பணம் இது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஹரால்ட் ஃபிரிஸ் 1946இல் எழுதிய சமன்பாட்டின்படி, ஜிக்பீயின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தடையில்லா வெளியில் 10 மீட்டர் கடக்க ஏறத்தாழ 60 டெசிபல் ஆகும். 20 மீட்டருக்கு 66தான். தூரம் இரு மடங்கானால் கூடுதலாக ஆறே டெசிபல். ஆகவே ஹாலிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருக்கும் சமையலறை சென்சாருக்குத் தூரத்துக்கான செலவு போக இன்னும் 48 டெசிபல் மிச்சமிருக்கிறது. ஒரு வீட்டுக்குள் தூரம் நம்மைத் தோற்கடிப்பதில்லை. அந்த 48 எங்கே போகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

சுவர் தின்கிறது என்று சொல்வார்கள். சரி, எவ்வளவு தின்கிறது? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கட்டுமானப் பொருள்களில் ரேடியோ அலை எப்படித் தேய்கிறது என்பதற்குப் பி.2040 என்ற பரிந்துரையில் சூத்திரங்கள் தந்திருக்கிறது. அதை வைத்துக் கணக்கிட்டால், உலர்ந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 5 முதல் 7 டெசிபல் எடுத்துக்கொள்ளும். ஒன்றரை அடிச் சுவர் அதைப்போல் இரு மடங்கு, பதினான்கு என்றே வைத்துக்கொள்வோம். ஏன் ஒன்றரை அடி? போலாரம் ஹைதராபாத் கன்டின்ஜென்ட் படை தங்கியிருந்த பாளையம். சென்னை மாகாணத்துப் படைகளோடும் அவற்றைச் சுற்றிய வேலைகளோடும் தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத் பக்கம் வந்து வேரூன்றிய 19ஆம் நூற்றாண்டில், இங்கே கட்டிய பங்களாக்களுக்குக் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் பொருள். வெயிலுக்காக அகலமான சுவர், உயரமான கூரை, கதவுக்கு மேல் காற்றுப்போக்கி. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: உலர்ந்த கருங்கல் மின்சாரத்தைக் கடத்தாத பொருள், அலையை அது பெரிதாக விழுங்குவதில்லை. விழுங்குவது ஈரம். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவர் கோடைச் சுவரைவிட மோசமாக நடந்துகொள்வது அதனால்தான். அப்படியே ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்ட வேண்டியிருந்தாலும் 28 டெசிபல்தான் போகும். 48இல் 28 போனால் 20 மிச்சம். ஆள் நடமாட்டம், சுவரில் மோதித் திரும்பும் அலை ஒன்றையொன்று கெடுப்பது ஆகியவற்றுக்காகப் பத்தை ஒதுக்கினாலும் இன்னும் பத்து கையிருப்பில் இருக்கும். அந்தச் சென்சார் வேலை செய்தாக வேண்டும். செய்யவில்லை என்றால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான்.

பல வீடுகளில் அவன் கன்ட்ரோலரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறான். இன்று பலரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரையோ ராஸ்பெர்ரி பை பலகையையோ வைத்து, அதில் விரல் நீள ஜிக்பீ டாங்கிள் ஒன்றைச் செருகித்தான் கன்ட்ரோலர் அமைக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நான்கு யுஎஸ்பி ஓட்டைகள் அருகருகே இருக்கும். நீல நாக்கு உள்ள இரண்டு யுஎஸ்பி 3.0. ஒன்றில் ஹார்ட் டிஸ்கோ எஸ்எஸ்டியோ செருகியிருக்கும். பக்கத்து ஓட்டையில், ஓர் அங்குலம்கூடத் தள்ளாமல், டாங்கிள். இன்டெல் நிறுவனம் 2012 ஏப்ரலில் ஒரு வெள்ளையறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் இணைப்பிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து விழுகிறது என்றும், ஹார்ட் டிஸ்க்கை இணைத்த நிலையில் அந்தப் பட்டையின் இரைச்சல் மட்டம் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்ந்தது என்றும் அளந்து காட்டியது. இருபது டெசிபல் என்றால் நூறு மடங்கு. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வாசலில் நிற்பவர் பேசுவதைக் கேட்க முயல்வது போன்ற நிலை அது. வாசலில் நிற்பவர் மெதுவாகப் பேசவில்லை, நம் காதுதான் தவறான இடத்தில் இருக்கிறது. நம் கணக்கில் மிச்சமிருந்த 20 டெசிபல் எங்கே போனது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. இரண்டு சுவரும் சேர்ந்து எடுத்தது 28, பக்கத்து ஓட்டை ஒன்றே எடுத்தது 20. ஆனால் பழி முழுவதும் சுவர் மேல் விழுகிறது.

இதற்கு மருந்து ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். டாங்கிளைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ விலக்கி, யுஎஸ்பி 2.0 ஓட்டையில் செருக வேண்டும், அவ்வளவுதான். கருவி செய்பவர்களுக்கு இது தெரியாத சங்கதியும் இல்லை. ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் ஹோம் மென்பொருளின் குழுவினர் ஸ்கைகனெக்ட் என்ற டாங்கிளை வெளியிட்டபோது பெட்டிக்குள்ளேயே ஒரு நீட்டிப்புக் கேபிளையும் வைத்துக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தவர்களில் பலர், கம்பி தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது என்று அதை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். நூறு மடங்கு இரைச்சலைக் குறைக்கும் ஒன்றை மேசை அலமாரியில் போட்டுவிட்டு, நான்கு மடங்கு ஆற்றல் கூடிய கருவியைத் தேடுவதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

இரைச்சலில் இன்னொரு வகை வைஃபை. இதைப் பலரும் அறிவார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சேனல்கள். வைஃபையின் 1, 6, 11 ஆகிய மூன்றும் அவற்றின் மேலேயே பாய் விரித்துப் படுத்திருக்கின்றன. வைஃபை 11ஆம் சேனலின் மேல் எல்லை 2472 மெகாஹெர்ட்ஸ். ஜிக்பீ 25ஆம் சேனலின் மையம் 2475. ஆகவே ரௌட்டரை 'ஆட்டோ'வில் விடாமல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1இலோ 6இலோ நிறுத்திவிட்டு ஜிக்பீயை 25க்குக் கொண்டுபோனால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. சேனலை மாற்றினால் சில சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஒரு மாலைப் பொழுது அதற்குப் போகும். கன்ட்ரோலரை மாற்றினாலும் பெரும்பாலும் எல்லாவற்றையும் மறுபடி இணைத்துத்தான் ஆக வேண்டும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி ஆற்றல் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். கன்ட்ரோலரின் ஆற்றலை எட்டிலிருந்து இருபது டெசிபல்-மில்லிவாட்டுக்கு உயர்த்தினால் 12 டெசிபல் கிடைக்கிறதே, அது குறைவா என்று கேட்கலாம். குறைவில்லை. ஆனால் ஒரு திசையில் மட்டும்தான் கிடைக்கிறது. கதவு சென்சாருக்குள் இருப்பது சிஆர்2032 போன்ற பொத்தான் பாட்டரி. நாணயம் அளவு, 3 வோல்ட். அது ஒரு வருடம், இரண்டு வருடம் ஓட வேண்டும் என்பதற்காகச் சென்சார் தன் குரலைத் தாழ்த்தியே வைத்திருக்கும். கன்ட்ரோலர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் சென்சாரின் குரல் உயரப் போவதில்லை. கதவு திறந்தது என்று சொல்ல வேண்டியது சென்சார், கேட்க வேண்டியது கன்ட்ரோலர். எதிராளிக்கு நாம் பேசுவது கேட்கிறது, அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால் உரையாடல் நடக்காது. இந்த ரேடியோக்கள் ஒவ்வொரு செய்திக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகையை எதிர்பார்ப்பவை. ஒப்புகை வராவிட்டால் விளக்கு எரிந்தும் திரையில் 'பதில் இல்லை' என்று நிற்கும். ஆற்றல் கூடிய கன்ட்ரோலர் வாங்கிய பிறகு பலருக்கு வரும் குழப்பத்தின் வேர் இதுதான்.

நல்ல ஆன்டெனாவின் கதை வேறு. அதை நான் மறுக்கவில்லை. ஆன்டெனா அனுப்புவதற்கு எவ்வளவு உதவுமோ கேட்பதற்கும் அவ்வளவே உதவும், அதனால் அதில் கிடைக்கும் ஒவ்வொரு டெசிபலும் இரு திசைக்கும் சேரும். ஆனால் கடையில் 'ஒன்பது டிபிஐ' என்று எழுதித் தொங்கும் நீளக் கம்பி ஆற்றலை உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போகவேண்டிய அலையைப் பிழிந்து பக்கவாட்டில் தள்ளுகிறது, அவ்வளவே. ஒரே தளத்தில் பரந்து கிடக்கும் பங்களாவுக்கு அது பொருந்தும். கீழும் மேலுமாகக் கட்டிய வீட்டில் கீழ்த்தள ஹாலில் நிமிர்த்தி வைத்தால் மாடி அறைக்கு முன்பு கிடைத்ததும் குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு துண்டுக் கம்பியே ஒழுங்கான ஆன்டெனாவாகிவிடும். அந்தத் துண்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு உலோகம் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்பது டிபிஐ வாங்குவதைவிட முக்கியம்.

உலோகம் என்றதும் சுவரில் இருக்கும் கம்பிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். நம் வீடுகளில் அதைவிடக் கெட்ட உலோகங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால் சுவருக்குள் புதைந்த ஜிஐ தகரப் பெட்டி தெரியும். ஐந்து பக்கம் தகரம், முன்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் தட்டு. அதற்குள் ஒரு ஸ்மார்ட் ரிலேயைத் திணித்து, மேலே வயர்களைச் சுருட்டி அமுக்கி மூடுகிறார்கள். அதன் ஆன்டெனா பெரும்பாலும் பின்பக்கத் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ரிலேயைத் திருப்பி ஆன்டெனா முனையை முன்தட்டுப் பக்கம் கொண்டுவருவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. பிளாஸ்டிக் பெட்டி வைத்தால் இன்னும் நல்லது. மொட்டைமாடித் தொட்டியையும் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பையும் பார்த்து மோட்டாரை இயக்கும் கருவிகளுக்கும் இதே கதிதான். மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் ரேடியோவை வைத்து மூடிவிட்டு, மேலிருந்து சிக்னல் வரவில்லை என்கிறோம். ரேடியோவை வெளியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, உள்ளே கான்டாக்டருக்கு இரண்டு வயரை மட்டும் இழுத்தால் போதும். தொட்டிச் சென்சாரையும் கவனிக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும். சென்சார் தொட்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, தொட்டி காலியாக இருக்கும்போது பேசுவது நிறைந்ததும் ஊமையாகும்.

கொசுவலையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஜன்னலுக்கும் வராந்தாக் கதவுக்கும் துருப்பிடிக்காத எஃகு வலை போட்டிருப்பவர்கள், ரேடியோவுக்கு அங்கே ஒரு தகரச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கொசு நுழையாத ஓட்டை பன்னிரண்டரை சென்டிமீட்டர் அலைக்கு ஓட்டையே இல்லை. ஜன்னலின் இரும்புக் கிராதி பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்தாலும் இடைவெளி அகலம், அலை தாராளமாகப் போகும். வராந்தா விளக்கோ கேட்டோ கேட்கவில்லை என்றால் நாம் கிராதியைச் சந்தேகிக்கிறோம், வலையை விட்டுவிடுகிறோம். ஃபைபர்கிளாஸ் வலைக்கு மாறினால் கொசுவும் வராது, அலையும் நிற்காது. ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோவும் ஃபிரிட்ஜும் இதே வரிசையில் வருபவை. பீரோவை நகர்த்த முடியாது என்றால் கன்ட்ரோலரை நகர்த்த வேண்டும்.

மெஷ் இருக்கிறதே, ஒரு கருவி இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே போகுமே, இடத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பது அடுத்த எதிர்வாதம். இது பாதி உண்மை. பாட்டரியில் ஓடும் சென்சார் எதையும் கைமாற்றித் தராது, தூங்கிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் கருவிதான் அஞ்சல்காரன் ஆக முடியும். மேல்நாட்டு விளம்பரங்களில் ஸ்மார்ட் பல்புகளே அந்த வேலையைச் செய்வதாகக் காட்டுவார்கள். நம் வீட்டில் பல்புக்குச் சுவரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அறையை விட்டு வெளியே வரும்போது அதை அணைக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறோம். அணைத்த கணத்தில் அஞ்சல்காரன் இறந்துபோகிறான், அவனை நம்பியிருந்த மூன்று சென்சார்கள் அனாதையாகின்றன. சுவிட்சுக்குப் பின்னால் ரிலே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வீடுகளில் பல சுவிட்ச் போர்டுகளுக்கு ஃபேஸ் மட்டும்தான் வரும், நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் ஜிக்பீ சுவிட்சுகள் பெரும்பாலும் கைமாற்றும் வேலையைச் செய்வதில்லை. பத்துச் சுவிட்சை மாற்றிவிட்டு மெஷ் வலுவாகிவிட்டது என்று நினைப்பவர் வீட்டில் உண்மையில் ஓர் அஞ்சல்காரன்கூட இருக்க மாட்டான். ஆகவே மெஷ் இடத்தைப் பற்றிய கவலையைப் போக்குவதில்லை, எத்தனை இடம் என்பதைக் கூட்டுகிறது. யாரும் அணைக்காத ஒரு பிளக் பாயின்டைக் கன்ட்ரோலருக்கும் பின்கட்டுக்கும் நடுவே, கதவு நேரில் தெரியும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஒரு ஸ்மார்ட் பிளக்கைச் செருகுவது, கண்ட இடத்தில் ஆறு பல்பு போடுவதைவிடப் பயன் தரும். செருகிய பிறகு சென்சாரை அதன் இடத்தில் வைத்தே மறுபடி இணைக்க வேண்டும். சில சென்சார்கள் பழைய உறவை விடாமல் தொலைவில் இருக்கும் கன்ட்ரோலரையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இராணுவப் பகுதி என்ற காரணத்துக்கு வருகிறேன். பாளையமும் ஹக்கிம்பேட்டை விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருப்பதால் இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்தாலே இந்தக் காரணம் நிற்காது. தொல்லை வெளியிலிருந்து வருகிறது என்றால் வெளிக்கு மிக அருகில் இருக்கும் ஜன்னலோரச் சென்சார்தான் முதலில் தடுமாற வேண்டும். தடித்த சுவர்களுக்கு உள்ளே, நடு அறையில் இருப்பது பத்திரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதே சுவர் வெளித் தொல்லையையும் தடுக்குமே. குறை சொல்லப்படுவதெல்லாம் உள்ளறையையும் பின்கட்டையும் பற்றித்தான். அதுவும் நாள் முழுக்க ஒரே மாதிரி. வெளியே நடக்கும் ஒலிபரப்பு தன் நேரத்துக்கு ஏறலாம், இறங்கலாம். உங்கள் ஹார்ட் டிஸ்க் எழுதும்போது மட்டும் அது ஏறி இறங்காது.

அலைவரிசையையே மாற்றிவிடலாமே என்பவர்களுக்கு என்னிடம் ஓரளவு இணக்கம் உண்டு. ஜிக்பீக்கு மாற்றாக இருக்கும் இசட்-வேவ் கருவிகள் இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. 865 முதல் 867 வரையிலான பட்டையை நடுவண் அரசு 2005இல் உரிமம் தேவையில்லாததாக அறிவித்தது. அங்கே வைஃபை இல்லை, யுஎஸ்பி இரைச்சலும் இந்த அளவுக்கு இல்லை. அதே பி.2040 சூத்திரப்படி கான்கிரீட்டில் இழப்பு டெசிபல் கணக்கில் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அடுக்குமாடித் தளத்தில் ஆறு அங்குல இடைவெளியில் கம்பி கட்டியிருந்தால், 35 சென்டிமீட்டர் நீள அலைக்கு அந்தக் கட்டம் குறுகலாகத் தெரியும், 2.4க்கு அவ்வளவு குறுகலாகத் தெரியாது. மாடிக்கும் கீழுக்கும் இடையே 865தான் எப்போதும் வெல்லும் என்று சொல்ல முடியாது. மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு இந்தச் சிக்கலே இல்லை. இன்னொரு எச்சரிக்கையையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் இசட்-வேவ் கருவி 908.42 மெகாஹெர்ட்ஸ். இங்கே அது கைபேசியிலிருந்து டவருக்குப் போகும் 890–915 பட்டைக்குள் விழுகிறது. உள்ளூர்க் கருவியோடு பேசாது என்பது ஒருபுறம் இருக்க, அதை இயக்குவதே சட்டமீறல், அக்கம்பக்கத்தார் போன் பேச்சுக்கும் இடைஞ்சல். மேட்டர், த்ரெட் என்று அண்மையில் பரவிய பெயர்களில் மீட்பு இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: த்ரெட் ஓடுவது ஜிக்பீ ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில்தான். தகரப் பெட்டி அதையும் அப்படியே மூடும்.

இவ்வளவும் சரி, கன்ட்ரோலரை நினைத்த இடத்தில் வைக்க முடியாதே, ரௌட்டர் பக்கத்தில்தானே வைக்க முடியும் என்பதுதான் எனக்கு மிக நேர்மையான எதிர்வாதமாகப் படுகிறது. பெரும்பாலான வீடுகளில் கன்ட்ரோலரின் இடத்தைத் தீர்மானிப்பது அலையும் இல்லை, சுவரும் இல்லை, பெட்டியோடு வரும் ஒரு மீட்டர் லேன் கேபிள்தான். ஃபைபர் வாசல் பக்கமாக வீட்டுக்குள் வருகிறது, அதன் அருகில் ரௌட்டர், ரௌட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் கன்ட்ரோலர். ஆக அது டிவி அலமாரிக்குள், டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால், வீட்டின் ஒரு கோடியில் போய் அடைகிறது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு பிட்டும் இழக்காமல் போகும். பத்துப் பதினைந்து மீட்டர் கேபிளை ஸ்கர்ட்டிங் ஓரமாகவோ பழைய வயரிங் மரப்பட்டையை ஒட்டியோ இழுத்து, வீட்டின் நடுவில், கதவு நிலைக்கு மேல் ஆளுயரத்தைத் தாண்டிய மட்டத்தில் கன்ட்ரோலரை வைத்தால் எல்லா அறைக் கதவுகளும் காற்றுப்போக்கிகளும் அதற்கு வழிவிடும். அழகு கெடும் என்பார்கள். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைக்குள் ஓடும் கேபிள் சுண்ணாம்புச் சுவரில் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. மேலும் கம்பியில்லாக் கருவிக்குக் கம்பி இழுப்பது தோல்வி என்ற எண்ணம்தான் இதன் அடியில் இருக்கிறது. அதில் எந்தத் தோல்வியும் இல்லை. நகராத ஒன்றுக்குக் கம்பியும், நகர்வதற்கும் சுவருடைக்க முடியாத இடத்துக்கும் ரேடியோவும் என்று பிரித்துக்கொள்வதுதான் நிதானமான வேலை.

ஆற்றல் வாதக்காரர்களுக்கு உண்மையிலேயே பிடி கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. போலாரத்துப் பங்களாக்களில் வீடு ஒரு பக்கம் இருக்கும், கார் ஷெட்டும் மோட்டார் அறையும் கேட்டும் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி மரங்களுக்கு அப்பால் இருக்கும். அங்கே டாங்கிளை நகர்த்திப் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் உரக்கக் கத்துவது வழியில்லை. 1860இல் இதே போலாரத்தில் எழுந்த ஒற்றைத் தளக் கட்டடம் இன்று ராஷ்டிரபதி நிலையம். அதன் சமையற்கட்டு தனிக் கட்டடமாக விலகி நிற்கிறது, உணவு கூடத்துக்கு வருவது தரைக்கடியில் வெட்டிய ஒரு சுரங்கப்பாதை வழியாக. நமக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் பள்ளமே போதும். அதே பள்ளத்தில் இன்னொரு பிவிசி குழாயைப் போட்டு, அதற்குள் ஃபைபர் கேபிளை இழுத்துவிடலாம். செம்புக் கேபிள் வேண்டாம், மழைக்கு முந்தைய இடி இரண்டு கட்டடத்துக்கும் நடுவே செம்பைத் தேடி வரும், ஃபைபரில் அதற்குப் பிடிமானம் இல்லை. மறுமுனையில், மோட்டார் அறைக்குள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சின்னதாக இரண்டாவது கன்ட்ரோலர். அங்கிருந்து கேட் மோட்டாருக்கு ரேடியோ கடக்க வேண்டிய தூரம் மூன்று மீட்டர்.